பெரிய அதிர்வு வந்துபோய்விட்டால், அப்புறம் வருவதெல்லாம் சின்னதுதானே?

2 ஜனவரி 2024, காலை 10.15 (கேள்வி)

தம்பி ஜப்பானில், கனசாவாவில் இருக்கிறான். நேற்று சாயங்காலம் பக்கத்து நோட்டோவில் வந்த 7.6 நிலநடுக்கத்தில் அவன் வீடும் நன்றாக ஆடியிருக்கிறது. சுவரில் விரிசல். ராத்திரி பள்ளிக்கூடத்தில் படுத்தானாம். இன்று வீட்டுக்குத் திரும்பலாமா என்று கேட்டான். பெரியது வந்துபோய்விட்டது, இனி வருவதெல்லாம் பின்னதிர்வு, சின்னதாகத்தான் இருக்கும், பேசாமல் வீட்டில் போய்ப் படு என்று சொல்லிவிட்டேன். சரிதானே?

2 ஜனவரி, காலை 11.02 (பதில்)

தப்பு. முதலில் அவனுக்குப் போன் போட்டு இன்று ராத்திரி அங்கே படுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். விவரம் அப்புறம் எழுதுகிறேன்.

2 ஜனவரி, பிற்பகல் 1.40

நீங்கள் தம்பியிடம் சொன்ன அதே வாக்கியம் 2016 ஏப்ரல் 15-ஆம் தேதி எங்கள் வீட்டிலும் பேசப்பட்டது. ஊர் குமாமோட்டோ, அதுவும் ஜப்பான்தான். நான் அங்கே ஒரு ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். வீட்டில் நான், மனைவி, ஆறு வயது மகள். கூடவே பேத்தியையும் செர்ரிப் பூவையும் பார்க்கப் பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்த என் அம்மா. நகரத்தின் கிழக்கு ஓரம், நான்காவது மாடி.

14-ஆம் தேதி வியாழக்கிழமை இரவு 9.26-க்கு 6.5 வந்தது. அதுதான் பெரியது என்று ஊரே நினைத்தது. 16-ஆம் தேதி சனிக்கிழமை அதிகாலை 1.25-க்கு 7.3 வந்தது. நடுவில் 28 மணி நேரம், ஒரு நிமிடம் குறைவு. வியாழக்கிழமை வந்தது முன்னதிர்வு என்பதே சனிக்கிழமைதான் தெரிந்தது. வரும்போது நான் முன்னதிர்வு என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டா வருகிறது?

இரண்டாவதன் ஆற்றல் முதலாவதைப் போல எட்டு மடங்கு.

வேலைக்குப் போகிறேன். ராத்திரி மிச்சம்.

2 ஜனவரி, இரவு 9.50

எட்டு மடங்கு என்று எழுதியது தப்பு, இரண்டு பேர் பிடித்துவிட்டீர்கள். எண்ணில் ஒன்று கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு. 0.8 கூடினால் 16 மடங்கு. எட்டு எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. எட்டு வருஷமாகப் போகிறவர் வருவோரிடமெல்லாம் இதையே சொல்லிவந்திருக்கிறேன், நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

முதல் ராத்திரி. சாப்பிட்டு முடித்திருந்தோம். மகள் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். அம்மா சுவரில் சாய்ந்து லேப்டாப்பில் சீரியல். இங்கே எல்லா போனிலும் நிலநடுக்க எச்சரிக்கை வரும், ஒரு மாதிரி அபாயச் சத்தம், கூடவே 'ஜிஷின் தேஸ்' என்று ஒரு குரல். தூரத்தில் வரும் அதிர்வுக்கு அது சில விநாடி முந்திக்கொள்ளும். எங்களுக்கோ மையம் பக்கத்து ஊர், மஷிக்கி. வீடு தூக்கிப்போட்ட பிறகுதான் போன் அலறியது.

அம்மா எழுந்திருக்கவில்லை. சுவரோடு கையை ஊன்றி உட்கார்ந்தபடியே, "ஏல, யாருல வீட்டப் புடிச்சு ஆட்டுதா?" என்றாள். யாரோ ஒரு ஆள் செய்கிற வேலை என்றுதான் அவளுக்கு முதலில் பட்டிருக்கிறது.

படுக்கையறையில் புத்தக அலமாரி குப்புற விழுந்தது. சமையலறையில் தட்டுகள். அவ்வளவுதான். மின்சாரம் போகவில்லை, தண்ணீரும் வந்தது. வரிசையாக அடுத்தடுத்து ஆடியதால் கீழே இறங்கிப் பள்ளி மைதானத்துக்குப் போய், காரில் உட்கார்ந்தபடியே விடியவைத்தோம். நான்கு பேருக்கு மஞ்சள் நம்பர் பலகை போட்ட குட்டிக் கார். கால் நீட்ட இடமில்லை.

3 ஜனவரி, காலை 7.20

சிங்கம் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், உண்மையாகவே அப்படி ஒரு வதந்தி. நிலநடுக்கத்தில் மிருகக்காட்சிசாலையிலிருந்து சிங்கம் தப்பிவிட்டது என்று ஒரு ஆள் படத்தோடு ட்விட்டரில் போட்டான். நடுத்தெருவில் சிங்கம் நிற்கும் படம். தென்னாப்பிரிக்காவில் எடுத்ததாம் அது. ஜூலையில் அவனைக் கைது செய்தார்கள். ஆனால் அன்று ராத்திரி காரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? நான் வாய்விட்டுப் படித்துத் தொலைத்தேன். அம்மா உடனே, "கண்ணாடிய ஏத்துல" என்றாள். பூமி பிளந்தால் ஏற்ற முடிகிற கண்ணாடி ஏது? சிங்கத்துக்கு இருக்கிறது.

3 ஜனவரி, இரவு 10.30

15-ஆம் தேதி வெள்ளிக்கிழமை. இதைத்தான் ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் வீட்டுக்கு வந்தோம். கண்ணாடிச் சில்லைக் கூட்டினோம். வீட்டுக்கு வெளியே இருக்கும் கேஸ் மீட்டர் தானாகவே அடைத்துக்கொண்டு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. பொத்தானை அமுக்கி மூன்று நிமிடம் காத்திருந்தால் திரும்ப வரும், வந்தது. மனைவி ரசம் வைத்தாள். எல்லோரும் குளித்தோம். வெந்நீரில் குளித்து, சூடாகச் சாப்பிட்டபிறகு ஒருவனுக்கு வரும் தைரியம் இருக்கிறதே, அது பொல்லாதது.

அன்று பிற்பகல் ஜப்பான் வானிலை நிறுவனம் ஒரு கணக்குச் சொன்னது. அடுத்த மூன்று நாளில் 6-இன் கீழ்ப்படி (இடம் எவ்வளவு ஆடுகிறது என்று சொல்லும் ஜப்பான் அளவுகோலில் மேலிருந்து மூன்றாவது படி) அல்லது அதற்கு மேல் ஆட்டம் வர வாய்ப்பு 20 சதவீதம். டிவியில் நானே பார்த்தேன். என் மூளை உடனே கழித்தல் போட்டு, வராமலிருக்க 80 என்றது. 80 வாங்கினால் எங்கள் ஊரில் டிஸ்டிங்ஷன்.

காரா வீடா என்று பேச்சு வந்தது. முதல்நாள் ராத்திரி யாரும் தூங்கவில்லை, அம்மாவுக்கு முட்டி வலி, வீட்டில் படுக்கலாம் என்று முடிவு செய்தோம். விழுந்து கிடந்த அலமாரியை நிமிர்த்திப் புத்தகங்களை அடுக்கினேன். பதினோரு மணிக்கு விளக்கை அணைத்தோம்.

4 ஜனவரி, இரவு 11.15

நேற்று அந்த இடத்தில் நிறுத்தியதற்குத் திட்டியவர்களுக்கு: தூக்கம் வந்துவிட்டது, வேறு காரணம் இல்லை.

1.25. இரண்டாவது ஆட்டம் முதலாவது மாதிரி இல்லை. முதலாவது கீழேயிருந்து ஒரு உதை. இது முறத்தில் அரிசியைப் போட்டுப் புடைப்பதுபோல. எழுந்து நிற்பது, மேஜைக்கடியில் போவது எல்லாம் சுவரொட்டியில் வரைவதற்குத்தான். நான் முழங்காலில் நிற்கக்கூட முடியாமல் கவிழ்ந்து கிடந்தேன். இருட்டு. எல்லாத் திசையிலும் ஏதோ உடையும் சத்தம், அதற்கு அடியில் கட்டடமே பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு நறநறப்பு. பலமான ஆட்டம் இருபது விநாடிதான் என்று அப்புறம் படித்தேன். நம்பவில்லை.

நின்றதும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மூவரும் குரல் கொடுத்தார்கள். அலமாரி மறுபடி விழுந்திருந்தது, காலியாக இருந்த மெத்தைமேல். போன் வெளிச்சத்தில் வாசலுக்குப் போனால் கதவு திறக்கவில்லை. இரும்புக் கதவு, சட்டம் கோணிவிட்டது. தோளால் இடித்தேன். வெளியேயிருந்து எதிர்வீட்டுக்காரர் கைப்பிடியைப் பிடித்து இழுக்கும் சத்தம் கேட்டது. அவர் ஏதோ எண்ணினார், நானும் சேர்ந்து எண்ணினேன், மூன்றுக்கு இடித்தேன், திறந்தது. அதுவரை அவரோடு நான் வணக்கத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

கீழே நின்றபோதுதான் காலைப் பார்த்தேன். முழங்கால் வரைக்கும் வெள்ளையாக, குழகுழவென்று ஏதோ. சிமெண்டா, சுண்ணாம்பா என்று பதறினேன். மனைவி குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "இட்லி மாவுங்க" என்றாள். சனிக்கிழமைக்கு அரைத்து வைத்தது. ஃபிரிட்ஜ் கதவு திறந்து பாத்திரம் கவிழ்ந்திருக்கிறது.

5 ஜனவரி, காலை 6.55

கேள்வி கேட்ட தம்பியின் அண்ணனுக்கு: அவன் காரில் படுக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். எங்களுடையது ஏப்ரல் மாதம். அங்கே இப்போது பனிக்காலம். பனி கொட்டிப் புகைக்குழாயை மூடிவிட்டால், எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குகிறவன் எழுந்திருக்க மாட்டான். நச்சுவாயு உள்ளே வரும். எஞ்சினை அணைத்துவிட்டுப் போர்வையைக் கூட்டச் சொல்லுங்கள். அதைவிடப் பள்ளிக்கூடமே மேல்.

இன்னொன்று, கால். இரண்டாம் ராத்திரிக்கு அப்புறம் நாங்கள் ஆறு ராத்திரி காரில் இருந்தோம். மூன்றாம் நாள் அம்மாவின் கணுக்கால் வீங்கிப் பளபளவென்று ஆகிவிட்டது. மைதானத்தில் சுற்றிவந்த ஒரு செவிலியர் கார் கண்ணாடியைத் தட்டி, அம்மாவை இறங்கி நடக்கச் சொன்னார், தண்ணீர் குடிக்கச் சொன்னார். காலை மடக்கியே உட்கார்ந்திருந்தால் ரத்தம் கட்டி, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைக்கும். குமாமோட்டோவில் அப்படி இறந்தவர்கள் உண்டு. அம்மா தண்ணீர் குடிக்காததற்குக் காரணம் எளிது, கழிப்பறை வரிசை. பெண்கள் பலரும் அப்படித்தான் இருந்தார்கள். குமாமோட்டோ நகரத்துக்குக் குடிநீர் முழுக்க நிலத்தடி நீர். ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களுக்கு ஆற்றுத்தண்ணீரே தேவையில்லை என்று பெருமையடிக்கிற ஊர். அன்று குழாயில் ஒன்றும் வரவில்லை. பள்ளிக்கூட நீச்சல் குளத்திலிருந்து வாளியில் மொண்டு கழிப்பறைக்கு ஊற்றினோம்.

ஒரு உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் நாற்காலிகளை எழுத்தாக அடுக்கி, மேலே பறக்கிறவர்களுக்குத் தெரியும்படி காகிதம், ரொட்டி, எஸ்ஓஎஸ், தண்ணீர் என்று எழுதியிருந்தார்கள். காகிதம் என்றால் கழிப்பறைக் காகிதம். ரொட்டிக்கு முன்னால் அதை எழுதியிருக்கிறார்கள் பாருங்கள்.

6 ஜனவரி, மாலை 4.10

சரி, குட்டு உடைந்தது. மனைவி இதையெல்லாம் படித்துவிட்டாள்.

அவள் சொன்ன திருத்தங்கள், அவள் வார்த்தையிலேயே:

"முடிவு செய்தோமா? நான் எங்க முடிவு செஞ்சேன்? கார்லயே படுப்போம்னு நான் ரெண்டு தடவ சொன்னேன். பெரிசு போயிடுச்சு, இனிமே சின்னதுதான்னு நீங்கதான் சொன்னீங்க. ஓமோரின்னு ஒரு ஆள் பேர வேற சொன்னீங்க."

உண்மை. ஓமோரி 1894-இல் சொன்ன விதி, பின்னதிர்வுகளின் எண்ணிக்கை நாளாக ஆகக் குறைந்துகொண்டே போகும் என்பது. நான் அதை ரசம் ஊற்றிக்கொண்டே விளக்கினேன். விதியில் பிழை இல்லை. எது முதன்மை அதிர்வு என்பது தெரிந்தபிறகு ஓடுகிற கணக்கு அது. எனக்கு அது தெரிந்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டேன். நான் வேதியியல்காரன், நிலநடுக்கத்துக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

"அலமாரிய நிமுத்த வேணாம், கெடக்கட்டும்னு சொன்னேன். அத எழுதினீங்களா?"

எழுதவில்லை.

6 ஜனவரி, இரவு 11.40

இன்னும் ஒன்று இருக்கிறது. அதையும் அவள்தான் கேட்டாள், சத்தமில்லாமல்.

"காலியாக இருந்த மெத்தைமேல்" என்று 4-ஆம் தேதி எழுதினேன். அது மகளின் மெத்தை. நாங்கள் தரையில் வரிசையாக மெத்தை விரித்துப் படுப்போம், அலமாரிப் பக்கம் அவளுக்கு. அந்த ராத்திரி பயமாக இருக்கிறது என்று பன்னிரண்டு மணிக்கு எழுந்து கூடத்துக்குப் போய் ஆச்சி போர்வைக்குள் நுழைந்துகொண்டாள். நான் அரைத்தூக்கத்தில், "உன் இடத்தில் வந்து படு" என்று அதட்டினேன். அம்மாதான், "கெடக்கட்டும்ல, புள்ள பயப்படுதா" என்றாள்.

ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் கழித்து நான் பிற்பகலில் நிமிர்த்தி வைத்த அலமாரி, நான் திரும்ப அடுக்கிய புத்தகங்களோடு அங்கே விழுந்தது. மேல்தட்டில் கனமான அகராதிகள். கனமானதைக் கீழே வைக்க வேண்டும் என்பதுகூட அன்று எனக்குத் தோன்றவில்லை, உயரவாரியாக அடுக்கினேன், அழகுக்கு.

எட்டு வருஷமாக இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் இட்லி மாவு வரை சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டு நிறுத்திவிடுவேன்.

7 ஜனவரி, காலை 9.30

இரண்டு மூன்று பேர் ஆறுதல் எழுதியிருக்கிறீர்கள். நன்றி. வேறு பேசலாம்.

ரிக்டர், ரிக்டர் என்று எழுதுகிறீர்கள். இங்கே டிவியில் முதலில் வரும் எண் அது இல்லை, ஷிந்தோ. நீங்கள் நிற்கும் இடம் எவ்வளவு ஆடியது என்பது அது. 0-இலிருந்து 7 வரை, 5-க்கும் 6-க்கும் கீழ்ப்படி மேல்படி என்று இரண்டிரண்டு, ஆக மொத்தம் பத்துப் படி. குழல்விளக்கின் வாட் ஒரு கணக்கு, என் மேஜையில் விழும் வெளிச்சம் இன்னொரு கணக்கு. வாட் எனக்கு எதற்கு, படிக்க முடிகிறதா என்பதுதானே கேள்வி? எங்கள் வட்டாரத்தில் முதல் ராத்திரி 6-இன் கீழ்ப்படி, இரண்டாவது ராத்திரி 6-இன் மேல்படி. மஷிக்கியில் இரண்டு ராத்திரியும் 7. ஒரே தொடரில் ஒரே ஊரில் இரண்டு தரம் 7 என்பது அந்த அளவுகோல் வந்தபிறகு அதுதான் முதல் தடவை.

ஏன் இரண்டு? ஹினாகு, ஃபுதாகவா என்று இரண்டு நிலப்பிளவுகள் மஷிக்கி அருகே சந்திக்கின்றன. வியாழன் ஹினாகுவின் வடமுனை உடைந்தது. அது ஃபுதாகவாவின் விலாவில் இடித்தது, சனிக்கிழமை ஃபுதாகவா உடைந்தது. மே மாதம் நான் போய்ப் பார்த்தேன். டோசோன் என்ற இடத்தில் ஒரு வயலின் வரப்பு நேராக வந்து, திடீரென்று இரண்டு மீட்டருக்கு மேல் வலப்பக்கம் தள்ளிப்போய், அங்கிருந்து மறுபடி நேராகப் போகிறது. பள்ளம் இல்லை, பிளவுகூடப் பெரிதாக இல்லை. வரைகிறவன் கையை யாரோ தட்டிவிட்ட கோடு மாதிரி. நம் ஊராக இருந்தால் யார் நிலம் யாருக்கு என்று வாய்தா வாங்கியிருப்பார்கள். இங்கே தேசிய நினைவுச் சின்னம் ஆக்கிவிட்டார்கள்.

7 ஜனவரி, இரவு 8.05

ஜப்பானில் வீடெல்லாம் கெட்டி, நம் ஊரில் வந்தால்தான் ஆபத்து என்கிற வாதத்துக்கு.

பாதி ஒத்துக்கொள்கிறேன். 1993 செப்டம்பர் 30 அதிகாலை 3.56, மகாராஷ்டிரத்தில் கில்லாரி. உலகக் கணக்கில் 6.2. குமாமோட்டோவின் முதல் ராத்திரியும் அதே உலகக் கணக்கில் 6.2 (ஜப்பான்காரர்களின் சொந்தக் கணக்கில்தான் 6.5). இங்கே அந்த முதல் அதிர்வில் இறந்தவர்கள் ஒன்பது பேர். அங்கே ஏறத்தாழ பத்தாயிரம். விநாயகரைக் கரைத்துவிட்டு வந்து அசந்து தூங்கிய ஜனங்கள். மண்ணை அப்பி அடுக்கிய கல்சுவர், அதன்மேல் வெயிலுக்காகப் போட்ட கனத்த மண்கூரை. முந்தைய வருஷமே அங்கே சின்னச் சின்னதாக ஆடிக்கொண்டுதான் இருந்தது. பழகிவிட்டது.

மீதிப் பாதியை ஒத்துக்கொள்ள மாட்டேன். மஷிக்கியில் வியாழனைத் தாங்கி நின்ற எத்தனையோ மரவீடுகள் சனிக்கிழமை உட்கார்ந்துவிட்டன. உள்ளே ஆணியும் இணைப்பும் முதல் ஆட்டத்தில் இளகிப்போயிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. கெட்டி வீடு என்பது ஒரு அடிக்குக் கெட்டி. அதனால்தான் ஆட்கள் வந்து வாசலில் சீட்டு ஒட்டுகிறார்கள், சிவப்பு, மஞ்சள், பச்சை. எங்கள் கட்டடத்துக்கு மஞ்சள். தம்பி வீட்டு விரிசலை அப்படி யாராவது பார்க்கும்வரை அவன் சுவரை அவனே தட்டிப்பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

குமாமோட்டோவில் நேரடியாக இறந்தவர்கள் 50 பேர். அதற்கு அப்புறம் முகாமிலும் காரிலும் நோய்வாய்ப்பட்டு இறந்தவர்கள் இருநூறுக்கு மேல். இந்த இரண்டாவது எண்ணைச் செய்தியில் யாரும் முதலில் படிப்பதில்லை.

8 ஜனவரி, பிற்பகல் 1.15

அம்மா அங்கே என்ன சாப்பிட்டாள் என்று கேட்டவருக்கு. முதல் இரண்டு நாள் சோற்று உருண்டைதான். அம்மா சைவம். ஒவ்வொரு உருண்டையையும் பிட்டு உள்ளே என்ன என்று போன் வெளிச்சத்தில் பார்ப்பாள். ஒன்றில் மீன் துருவல், ஒன்றில் கூனி மாதிரி ஏதோ. கீழ்வீட்டுப் பாட்டி இதைப் பார்த்துவிட்டு மறுநாள் தன் பங்கைக் கொண்டுவந்து மாற்றிக்கொண்டாள், உள்ளே உப்பில் ஊறிய ஒரு காய், உமெபோஷி. அம்மா வாயில் வைத்துவிட்டு, "இது நம்ம நார்த்தங்கால்லா!" என்றாள். அதிலிருந்து இருவரும் தோழிகள். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது, ஆனால் முட்டிவலி பற்றி மணிக்கணக்காகப் பேசினார்கள். எப்படி என்று கேட்காதீர்கள்.

ஆறு நாள் கழித்து வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்ததும் புளித்த வாடை. மாவு தாத்தாமிப் பாயில் என் காலடியாகவே காய்ந்திருந்தது. படுக்கையறையிலிருந்து கூடம், கூடத்திலிருந்து வாசல். வாசலில் மட்டும் பத்துப் பன்னிரண்டு தடம், ஒன்றன்மேல் ஒன்றாக. கதவை இடித்த இடம். கழுவத் தண்ணீர் இல்லை. கரண்டியால் சுரண்டினேன், வெள்ளைச் செதில் செதிலாக வந்தது. கீழ்வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டாள். காலை உணவு என்றேன்.

9 ஜனவரி, இரவு 10.00

தம்பி வீட்டுக்குத் திரும்பிவிட்டான், ஒன்றும் வரவில்லை, ஒரு வாரம் குளிரில் கிடந்ததற்கு உங்களைத் திட்டுகிறான் என்று செய்தி. நல்லது. திட்டட்டும்.

இதைச் சொல்ல வேண்டியது நியாயம்: பெரும்பாலும் நீங்கள் சொன்னதுதான் நடக்கும். கலிபோர்னியாவுக்கு அமெரிக்க நிலவியல் ஆய்வகம் சொல்லும் கணக்கு, ஒரு அதிர்வுக்கு அப்புறம் ஒரு வாரத்துக்குள் அதைவிடப் பெரியது வர நூற்றுக்கு ஐந்து. 95 தடவை உங்கள் வாக்கியம் சரி. அதனால் 2-ஆம் தேதி நான் 'தப்பு' என்று ஒரே வார்த்தையில் அடித்ததே கொஞ்சம் தப்பு. ஆனால் போனில் 95, 5 என்று விளக்கியிருந்தால் நீங்களும் என்னைப்போலக் கழித்தல் போட்டிருப்பீர்கள்.

குமாமோட்டோவுக்கு அப்புறம் ஜப்பானில் அந்த அறிவிப்பையே மாற்றிவிட்டார்கள். பெரிய அதிர்வு வந்த உடனே 'பின்னதிர்வு' என்ற சொல்லைச் சொல்வதில்லை. இதே அளவு ஆட்டம் மறுபடி வரலாம், சுமார் ஒரு வாரம் கவனமாக இருங்கள், குறிப்பாக முதல் இரண்டு மூன்று நாள் என்கிறார்கள். பின் என்ற எழுத்தைக் கேட்டதும் ஜனங்கள் தளர்ந்துவிடுகிறார்கள் என்று புரிந்துகொண்டார்கள். ஒரு சொல்லுக்குள் அத்தனை தூக்கம் இருந்திருக்கிறது.

12 ஜனவரி, காலை 7.00

2001 செப்டம்பர் 25 ராத்திரி எட்டரை மணிவாக்கில் புதுச்சேரிக் கடலில் 5.5 வந்ததே, நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று ஒரு சென்னைக்காரர். நான் சென்னையில் விடுதி அறையில் இருந்தேன். கட்டில் நகர்ந்தது. நண்பன் ஆட்டுகிறான் என்று நினைத்து எட்டி உதைத்தேன். இப்போது யோசித்தால் அம்மாவுக்கும் எனக்கும் ஒரே புத்தி.

19 ஆகஸ்ட் 2024, இரவு 9.20

இழையை யாரோ மேலே கொண்டுவந்திருக்கிறீர்கள். ஆமாம், இன்னும் குமாமோட்டோதான். இப்போது ஒற்றைமாடி வாடகை வீடு.

8-ஆம் தேதி சாயங்காலம் ஹ்யூகா கடலில் 7.1. இங்கே ஆடியது, பாத்திரம் விழவில்லை. ஆனால் அன்றே நான்காய் அகழிக்கான (ஜப்பானின் தென்கரைக்கு அப்பால் உள்ள கடலடிப் பள்ளம், மாபெரும் அதிர்வு வரலாம் என்று பயப்படுகிற இடம்) எச்சரிக்கை அறிவிப்பு வந்தது, அந்த ஏற்பாடு தொடங்கியதிலிருந்து முதல் முறை. ஒரு வாரத்துக்குள் 8-க்கு மேல் வர வாய்ப்பு சில நூறில் ஒன்று. 15-ஆம் தேதி முடித்துக்கொண்டார்கள்.

அந்த ஒரு வாரமும் நான் குளியல் தொட்டியை நிரப்பிவைத்தேன், தலைமாட்டில் நால்வருக்கும் செருப்பு (நாலாவது அம்மாவுக்கு, அவள் பாளையங்கோட்டையில் இருக்கிறாள் என்பது செருப்பை வைத்தபிறகுதான் உறைத்தது), கதவு கோணினால் நெம்ப ஒரு கடப்பாரை. மனைவி ஐந்தாம் நாள் சொன்னாள்: "இருபது பர்சன்ட்டுக்குக் குறட்டை விட்டுத் தூங்கினவரு, இப்ப ஆயிரத்துல நாலுக்குக் கடப்பாரை வச்சுட்டுப் படுக்கிறாரு."

அம்மாவும் போன் செய்தாள். "மாவ மூடி வச்சிருக்கியால?"

மகளுக்குப் பதினாலு வயது. எங்கள் வீட்டில் இடுப்புக்கு மேல் உயரமாக எந்தச் சாமானும் கிடையாது, இருப்பதெல்லாம் சுவரோடு முடுக்கியது. அவள் புத்தகங்கள் கட்டிலடியில் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. நல்ல உயரமான அலமாரி ஒன்று வேண்டுமாம். நேற்று கடை விளம்பரத்தைக் கொண்டுவந்து காட்டினாள், சுவரில் முடுக்கும் இரும்புப் பட்டையும் சேர்த்தே விலை போட்டிருந்தது. விலையைப் பார்த்தேன், உயரத்தைப் பார்த்தேன். 180 சென்டிமீட்டர். அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.